சாக்குத் துணியின் பின்பக்கம்

சிலி நாட்டுத் தையல் படமான அர்பியேரா ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். சாக்குத் துணியின் மேல் வண்ணத் துண்டுகளால் மலை, சூரியன், தகர வீடுகள், பஞ்சு அடைத்த சின்னச் சின்ன மனித உருவங்கள். திருப்பிப் பார்த்தால் லைனிங் துணி இருக்கும். அதில் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு பை தைத்திருக்கும். அதற்குள் நான்காக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. முன்பக்கக் காட்சி எதைச் சொல்கிறது என்று இரண்டு மூன்று வரியில் எழுதியிருப்பார்கள். சுவரில் மாட்ட ஆசைப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டியவர்களும், அழுக்காக இருக்கிறதே என்று துவைத்துக் காயப்போட்டவர்களும் தொலைத்தது அந்தச் சீட்டைத்தான். சீட்டு போய்விட்ட அர்பியேரா அழகான கைவினைப் பொருளாக மிஞ்சும், அவ்வளவுதான்.

1973 செப்டம்பர் 11 அன்று சிலி அதிபர் சால்வதோர் அயெந்தேயின் அரசை ராணுவம் கவிழ்த்தது. அதன் பிறகு வீட்டிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் பிடித்துச் செல்லப்பட்ட பலரைப் பற்றி, அப்படி ஒருவரைக் கைது செய்யவே இல்லை என்று அதிகாரிகள் சாதித்தார்கள். தேடி அலைந்த பெண்கள் தலைநகர் சாந்தியாகோவில் திருச்சபைகள் சேர்ந்து நடத்திய அமைதிக் குழுவின் வாசலில்தான் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். 1974, 75 வாக்கில் அங்கேயே தையல் பட்டறைகள் தொடங்கின. ராணுவ ஆட்சித் தலைவர் பினோசேயின் நெருக்குதலால் 1975 இறுதியில் அந்தக் குழு மூடப்பட்டது. அடுத்த நாளே, அதாவது 1976 ஜனவரி 1 அன்று, கார்டினல் ரவுல் சில்வா என்ரிக்கேஸ் கத்தோலிக்க சபையின் சொந்தப் பொறுப்பில் 'விகாரியா தெ லா சொலிதாரிதாத்' என்ற மனித உரிமை அமைப்பைத் திறந்தார். பட்டறைகள் அதன் கீழ் வந்தன. சாக்கில் படம் தைப்பது அவர்கள் கண்டுபிடித்த கலை கிடையாது. இஸ்லா நெக்ரா கடற்கரை ஊர்ப் பெண்கள் கம்பளி நூலால் பூத்தையல் போட்டு வந்தார்கள். பாடகி வியொலெத்தா பாரா சணலில் தைத்த படங்களை 1964இலேயே பாரிஸில், லூவர் வளாகத்திலுள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருந்தார். பட்டறைப் பெண்கள் மாற்றியது பொருளடக்கத்தை. பெரும்பாலோருக்குப் பூத்தையல் தெரியாது, அதற்கு வேண்டிய நூல் வாங்கக் காசும் இல்லை. கிழிந்த சட்டை, பழைய பாவாடை, சிலருக்குக் காணாமல் போன ஆளின் உடுப்பு: இவற்றை ஒட்டுப்போட்டுத் தைப்பதுதான் முடிந்த காரியம்.

இந்த முறையில் இன்று தைக்க விரும்புகிறவர்கள் அடித்துணியில்தான் முதலில் கோட்டை விடுகிறார்கள். அங்கே மாவு மூட்டை அல்லது உருளைக்கிழங்கு மூட்டையைத் துவைத்து, நான்காகவோ ஆறாகவோ வெட்டி ஆளுக்கொன்று கொடுப்பார்கள். பழைய அர்பியேராக்களில் பல 40 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவை ஒட்டி இருப்பதற்கு அதுதான் காரணம். சுருட்டினால் பயணப் பெட்டியில் கம்பளி உடுப்புகளுக்கு நடுவே அடங்கும் அளவும் அதுவே. அந்த அளவு வேண்டுமானால் 44க்கு 54 வெட்டுங்கள், நாற்புறமும் 2 செ.மீ. மடிப்புக்குப் போகும். துவைக்காமல் வெட்டக் கூடாது. புதுச் சணலில் ஆலையில் நூற்கும்போது சேர்த்த எண்ணெய் இருக்கும், முதல் நனைப்பில் சுருங்கவும் செய்யும். கை பொறுக்கும் வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசி, தட்டையாக நிழலில் போட்டு, முழுக்கக் காயுமுன் இஸ்திரி போட வேண்டும். வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு நூலை உருவி எடுத்துவிட்டு, அந்தத் தடத்தில் கத்தரியை ஓட்டினால் கோணாது. வெட்டிய கையோடு ஓரத்தைச் சுற்றிப் பிளாங்கெட் தையல் போட்டுவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குப் பிரிந்து கிடக்கும்.

தூரத்தில் இருப்பதை முதலில் தைக்க வேண்டும். வானம், அதன் மேல் மலை, பிறகு தரை, வீடுகள், கடைசியில் ஆட்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் 5 மி.மீ. உள்ளே மடித்து, முந்தைய துண்டின் மேல் 1 செ.மீ. ஏறும்படி வைத்துத் தைத்தால் நடுவில் சணல் எட்டிப் பார்க்காது. நூலை இழுத்து இறுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சணல் ஒத்துவராது. கண்ணி அகலம் என்பதால் இழுத்த இடமெல்லாம் சுருங்கி, படம் முடியும்போது சதுரமே கோணலாகியிருக்கும். மேசையில் துணியைத் தட்டையாக விரித்து நான்கு மூலையிலும் கனம் வைத்துத் தைப்பது நல்லது. கனத்த துணி கீழே, மெல்லிய துணி மேலே. ஜீன்ஸ் துணியில் வானம் வைத்த படத்தைத் தொங்கவிட்டால் சில மாதத்தில் மேல்பாதி சரிந்து நடுவில் வயிறு தள்ளிவிடும்.

ஆட்களுக்குத் தலை செய்ய 4 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டி, ஓரமாக ஓட்டுத் தையல் போட்டு, நடுவில் துளிப் பஞ்சு வைத்து நூலை இழுத்தால் ஒன்றரை செ.மீ. உருண்டை வரும். உடலுக்கு 5க்கு 6 செ.மீ. துணி போதும், முடிக்குக் கம்பளி நூல். தலை முதல் கால் வரை 7 செ.மீ. தாண்ட விடாதீர்கள். பெரிதானால் பாரம் சணல் கண்ணியை விரித்துக்கொண்டு கீழே இறங்கும். கழுத்து, இடுப்பு, இரண்டு கால் ஆகிய நான்கு இடத்திலும் பிடிப்பு வேண்டும். தைக்கும் இடத்துக்குப் பின்னால் நகம் அளவு ஒரு துணித் துண்டை வைத்து அதையும் சேர்த்துக் குத்தினால் நூல் சணலை அறுக்காது. சிலிப் பட்டறைகளில் தீக்குச்சி மின்கம்பமாகும், பிளாஸ்டிக் துண்டு பாத்திரமாகும். இப்போது செய்பவர்கள் இரும்புச் சாமானைத் தவிர்த்துவிடுங்கள். ஊக்கு, தகரம், குண்டூசி எதுவானாலும் துருப்பிடித்து, சுற்றியுள்ள நாரையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கடைசியில் நாற்புறமும் குரோஷா ஓரம். இடைத்தரக் கனமுள்ள கம்பளி நூல் 25 கிராமும் 3.5 மி.மீ. குரோஷா ஊசியும் போதும். 5 செ.மீ.க்கு எட்டு ஒன்பது கண்ணி என்று கணக்கு. குறைந்தால் துணி கிண்ணம் மாதிரி உள்ளே குழியும், கூடினால் ஓரம் அலையடிக்கும். மூலை வரும்போது ஒரே துளையில் மூன்று கண்ணி போடவில்லையென்றால் மூலை மடங்கும். பத்தில் எட்டுப் பேர் மறப்பது இதைத்தான்.

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் துக்கத்தைச் சொல்லக் கறுப்பும் சாம்பலும் தேடுவார்கள். பழைய துணிகளைப் பாருங்கள், கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் சிவப்பும். ஆந்தீஸ் மலையும் சூரியனும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. அந்தப் பளீர் வெயிலுக்குக் கீழேதான் வரிசையில் நிற்கும் பெண்கள், கதவடைத்த தொழிற்சாலை, ஒரே குழாயைச் சுற்றி ஒரு தெருவே வைத்த குடங்கள், குழந்தைகளுக்கான பொதுச் சமையல் கொப்பரை, மின்கம்பத்தில் திருட்டுத்தனமாகக் கொக்கி போடும் ஆள், 'எங்கே இருக்கிறார்கள்?' என்ற பதாகை எல்லாம் வரும். பதாகை எழுத்து சங்கிலித் தையலில் இருக்கும். அதில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தக் கூடாது என்பது பழைய துணிகளைப் பாதுகாப்பவர்களின் கறாரான விதி. தைத்தவர் எழுதியது எழுதியபடியே நிற்க வேண்டும்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். குவேக்கா என்பது சிலியில் ஆணும் பெண்ணும் சோடியாகக் கைக்குட்டை வீசி ஆடும் நாட்டுப்புற ஆட்டம். 1978 மார்ச் 8 அன்று சாந்தியாகோவின் கவ்பொலிக்கான் அரங்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுப் பெண்கள் அதைத் தனியாக ஆடினார்கள். சோடி நிற்க வேண்டிய இடம் காலி. இதைத் தைத்த அர்பியேராக்களில் ஆடும் பெண்ணின் மார்பில் ஒரு படம் குத்தியிருக்கும், எதிரே வெறும் தரை. அந்த வெற்றுத் தரையை எதையாவது வைத்து நிரப்பத்தான் புதிதாகத் தைப்பவர்களின் கை பரபரக்கும். ஒரு பூவைக்கூட அங்கே வைக்க விடாதீர்கள்.

பட்டறை என்றால் வெறும் தையல் கூடம் கிடையாது. எதைத் தைப்பது என்று முதலில் கூடிப் பேசுவார்கள். அந்தப் பேச்சில்தான் ஒருவருக்குத் தெரிந்த தகவல் இன்னொருவரின் தேடலுக்கு உதவியது. முடிந்ததை விகாரியா வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும், பணம் பெண்ணின் கைக்கு வரும். வேலை போன வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தக் காசில். கூலியைப் பற்றிப் பேசாமல் எதிர்ப்புக் கலை என்று மட்டும் பெருமையாகச் சொல்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். இன்று இப்படி ஒரு பட்டறை நடத்துகிறவர்கள் விற்ற விலை, தைத்தவருக்குப் போனது, பொது நிதிக்கு எடுத்தது என மூன்றையும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். சந்தேகம் ஒருமுறை நுழைந்துவிட்டால் ஆள் வரத்து நின்றுவிடும்.

பெரும்பாலான அர்பியேராக்களில் தைத்தவர் பெயர் இருக்காது. காரணம் எளிது, பெயர் தெரிந்தால் வீட்டுக்கு ஆள் வரும். அரசு ஆதரவுப் பத்திரிகைகள் இவற்றை நாட்டை அவதூறு செய்யும் துணிகள் என்று எழுதின. இவற்றைக் காட்சிக்கு வைத்த பவுலினா வாவின் கலைக்கூடம் 1977 ஜனவரியில் தீக்கிரையானது. ஆக, சீட்டு எழுதும்போது இரண்டு விஷயங்கள் முட்டிக்கொள்ளும். விவரம் இல்லையென்றால் சாட்சியம் இல்லை, விவரம் கூடினால் ஆபத்து. நடைமுறையில் சரிவருவது இரட்டைப் பதிவு. துணியில் இருக்கும் சீட்டில் நிகழ்ந்த நாள், ஊர், நடந்தது என்ன என்பது மட்டும். கூடவே ஒரு குறியெண். அந்த எண்ணுக்குரிய பெயர், சொன்னவர் நேரில் பார்த்தாரா கேள்விப்பட்டாரா, எதையெல்லாம் வெளியிடச் சம்மதித்தார் என்பதெல்லாம் தனிப் பதிவேட்டில், வேறு இடத்தில், முடிந்தால் வேறு நாட்டில். எழுதப் பென்சில்தான் நல்லது. ஜெல் பேனா மை ஈரம் பட்டால் துணியிலும் இறங்கும். அமிலமில்லாத காகிதமாக இருக்கட்டும். பைக்கு 10க்கு 8 செ.மீ. துணி, மேலே மூடும் மடிப்புடன் வைத்தால் சீட்டு நழுவாது. இப்போது கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவதுதான் வழக்கம். படத்துக்குள் இடமும் நேரமும் தானாகப் பதிந்திருக்கும். பொதுவில் போடும் பிரதியில் அதை நீக்குங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள், பின்னாளில் கேள்வி எழுந்தால் அதுதான் பேசும்.

சர்வாதிகாரக் காலத்தில் சுமார் 2 லட்சம் சிலியர்கள் நாட்டை விட்டு வெளியேறியதாகப் பொதுவாகச் சொல்வார்கள். பலருடைய கடவுச்சீட்டில் 'எல்' என்ற எழுத்தைக் குத்தினார்கள். அந்த எழுத்து இருந்தால் திரும்பி உள்ளே வர முடியாது. இன்ட்டி இல்லிமானி இசைக்குழு ஐரோப்பியப் பயணத்தில் இருந்தபோது ஆட்சி கவிழ்ந்தது. அப்படியே இத்தாலியில் தங்கியவர்கள் 1988 செப்டம்பரில்தான் ஊர் திரும்பினார்கள். இவர்களைப் போன்ற கலைஞர்களின் மேடையும், புலம்பெயர்ந்தோர் நடத்திய ஆதரவுக் குழுக்களின் கூட்டமும்தான் அர்பியேராவின் சந்தை. பிரயாணிகள் பெட்டியில் வந்த துணியை விற்றுப் பணம் திருப்பி அனுப்புவார்கள், சீட்டை மொழிபெயர்த்துப் படிப்பார்கள். அப்போது நேர்ந்த ஒரு கோளாறு இன்றைக்கும் தொடர்கிறது. மொழிபெயர்ப்பைப் பையில் வைத்துவிட்டு மூலச் சீட்டைக் கோப்பில் சேர்த்தார்கள், கோப்பு ஒரு வீட்டுப் பரணில் போய் மறைந்தது. மூலம் துணியோடு, பிரதியும் மொழிபெயர்ப்பும் வெளியே என்பதே முறை.

ஐரோப்பாவிலோ கனடாவிலோ அப்படி வாங்கியவர்கள் இப்போது முதியவர்கள். பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது இந்தத் துணிகள் வெளியே வருகின்றன. கிடைத்தால் முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் படம் எடுப்பது. முன்பக்கம், பின்பக்கம், பை மூடிய நிலை, சீட்டின் இரு புறம், பக்கத்தில் ஓர் அளவுகோல். லைனிங்காக மாவு மூட்டைத் துணி இருந்து அதில் ஆலையின் அச்சு தெரிந்தால் அதையும் விடாதீர்கள், எங்கே எப்போது தைத்தது என்பதற்குத் துப்பு கிடைக்கலாம். சீட்டு மடிப்பில் ஒட்டிப்போயிருந்தால் இழுக்க வேண்டாம். காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர் ஈரப்பதம் ஏற்றிப் பிரிப்பார்.

துவைக்கவே கூடாது. பத்துப் பதினைந்து பழைய உடுப்பிலிருந்து வந்த துண்டுகள், ஒவ்வொன்றின் சாயமும் வேறு. ஒரு சிவப்புத் துண்டு போதும், மலையெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். தூசிக்கு, உறிஞ்சும் கருவியை ஆகக் குறைந்த வேகத்தில் வைத்து, துணியின் மேல் நைலான் வலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்த வேண்டும். வலை இல்லாமல் செய்தால் பொம்மையின் தலை கருவிக்குள் போய்விடும். கம்பளி இருப்பதால் அந்துப்பூச்சி நிச்சயம் தேடி வரும். பாலித்தீன் பையில் காற்றைப் பிதுக்கி மூடி, −20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும் வரை பையைத் திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் துணியில் படியும். படத்தில் பிளாஸ்டிக் துண்டு சேர்த்துத் தைத்திருந்தால் உறைய வைக்குமுன் யாரையாவது கேளுங்கள், நொறுங்கக்கூடும்.

சணலுக்கு வெளிச்சம் ஆகாது. அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறி, நார் முறிந்து பொடியாகும். காட்சிக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம், அதுவும் சில மாதம், பிறகு இருட்டில் ஓய்வு. ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிலையாக இருக்கட்டும். மடித்து வைத்தால் மடிப்பிலேயே ஒடியும். அட்டைப் பெட்டியில் அமிலமில்லாத மெல்லிய காகிதம் விரித்துத் தட்டையாக வையுங்கள். தொங்கவிட வேண்டுமானால் ஒரு பருத்திப் பட்டையில் வெல்க்ரோ என்ற ஒட்டும் நாடாவைத் தைத்து, அந்தப் பட்டையை லைனிங்கின் மேல் ஓரம் நெடுகத் தைத்துவிடுங்கள், பாரம் எல்லா இடத்திலும் பகிர்ந்து நிற்கும். இரண்டு மூலையில் ஆணி அடித்து மாட்டுவதைவிட மோசமான வழி கிடையாது. சட்டத்துக்குள் வைத்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடி பொம்மைகளைத் தொடாத ஆழம் வேண்டும். பின்பலகையைத் திறக்கும் வசதியும் வேண்டும், சீட்டுக்காக.

கிடைத்ததெல்லாம் எதிர்ப்புத் துணி என்று எண்ணிவிடவும் வேண்டாம். சிரித்த முகம், அறுவடை, சந்தை என்று சுற்றுலாப் பயணிகளுக்காகத் தைத்தவையும் ஏராளம். அவை போலி ஆகிவிடாது. வேறு சரக்கு, அவ்வளவுதான்.

இந்தத் துணிகளைக் காட்டித்தான் நீதி கிடைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. நீதிமன்றத்தில் வேலை செய்தது விகாரியாவின் வழக்கறிஞர்கள் போட்ட ஆட்கொணர்வு மனுக்கள். ஆயிரக்கணக்கில் போட்டார்கள், சில விதிவிலக்குகள் தவிர எல்லாம் தள்ளுபடி. தள்ளுபடி ஆகும் என்று தெரிந்தே போட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு மனுவும் பெயர், நாள், இடம், பிடித்துப் போனதைப் பார்த்தவர் யார் என்பதை ஏட்டில் ஏற்றியது. 1978 ஏப்ரலில் ராணுவ அரசு பொது மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்து 1973 செப்டம்பர் 11 முதல் 1978 மார்ச் 10 வரையிலான குற்றங்களை மூடப் பார்த்தது. இருபது ஆண்டுகள் கழித்து அந்த ஏடுகள் பலன் தந்தன. ஆளையும் காணோம், உடலையும் காணோம் என்றால் கடத்தல் இன்னும் முடியவில்லை, முடியாத குற்றத்துக்கு 1978இல் மன்னிப்புப் பொருந்தாது என்ற வாதத்தை 1999இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த வாதம் நிற்பதற்குப் பிடித்துப் போன நாளும், உயிரோடு கடைசியாகப் பார்த்த இடமும் சாட்சியோடு வேண்டும். மனுக்களில் அவை இருந்தன. ராணுவ ஆட்சிக்குப் பின் அமைந்த உண்மை ஆணையம் 1991 அறிக்கையில் கொல்லப்பட்டோரும் காணாமல் ஆக்கப்பட்டோருமாக 2,279 பேரைப் பட்டியலிட்டபோதும் விகாரியாவின் கோப்புகளையே பெரிதும் நம்பியது. 2003இல் அந்த ஆவணத் தொகுப்பும் சிலியின் மற்ற மனித உரிமைத் தொகுப்புகளும் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின.

துணியின் பங்கு வேறு. மனு போடத் தனியாக வந்த பெண்ணை ஒரு கூட்டத்தில் உட்கார வைத்தது, அவள் வீட்டுக்குச் சோறு போட்டது, சிலியை வரைபடத்தில் காட்டத் தெரியாதவரின் சுவரில் அவள் கேள்வியை மாட்டியது. 1978 நவம்பர் இறுதியில் லொன்கேன் சுண்ணாம்புச் சூளைகளில் 15 உடல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1973 அக்டோபரில் பிடித்துச் செல்லப்பட்ட இஸ்லா தெ மைப்போ ஊரார். பிடிக்கவே இல்லை என்ற பொய் அன்று உடைந்தது. அந்தச் சூளைகளையும் பெண்கள் தைத்தார்கள். வழக்கை நடத்தியது தகவல், பரப்பியது துணி. இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒன்று இன்னொன்றின் எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். துணியில் குறியெண், கோப்பில் அதே குறியெண்.

2023 ஆகஸ்டில் சிலி அரசு காணாமல் ஆக்கப்பட்டோருக்கான தேசியத் தேடல் திட்டத்தைத் தொடங்கியது. அப்போதைய கணக்கில் 1,469 பேரில் 307 பேரின் எச்சங்கள்தான் அடையாளம் காணப்பட்டிருந்தன. மீதி 1,162 பேரைக் குடும்பங்கள் அப்போதும் தேடிக்கொண்டிருந்தன. அதனால் பரணிலிருந்து கிடைத்த துணியின் சீட்டில் ஓர் ஆளின் பெயரும் நாளும் இருந்தால், அதைப் படம் பிடித்துச் சமூக ஊடகத்தில் போட்டுவிடாதீர்கள். சாந்தியாகோவில் 2010இல் திறக்கப்பட்ட நினைவு மற்றும் மனித உரிமைகள் அருங்காட்சியகத்துக்கோ விகாரியாவின் ஆவணக் காப்பகத்துக்கோ முதலில் எழுதுங்கள். இரண்டு பக்கப் படங்கள், அளவு, யாரிடமிருந்து எந்த ஆண்டு வாங்கியது, நடுவில் யார் கையில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி இணையுங்கள். உறுதியாகத் தெரியாத ஆண்டை 'சுமார்' என்று போடுங்கள். குடும்பத்தார் உயிரோடு இருந்தால் அவர்கள் சம்மதம் வரும் வரை பெயரை மூடி வையுங்கள். சீட்டை மட்டும் தனியே கழற்றி அனுப்பக் கேட்டால் மறுத்துவிடுங்கள். போனால் இரண்டும் சேர்ந்தே போகட்டும்.